கீழ் வீட்டுப் பாட்டுக்காரிகள்

என் மருமகள் என் மகனை "பேபி" என்றுதான் கூப்பிடுவாள். கார் சாவி எங்கே பேபி, ட்ராஷை எடுத்து வெளியே வை பேபி, உன் அம்மாவுக்கு அப்பாயின்ட்மென்ட் எத்தனை மணிக்கு பேபி. அவனுக்கு முன்மண்டை வழுக்கை, காதோரம் நரை. கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து என் அறைக்குள் போய்விடுகிறேன். மாமியார்க்காரிக்கு வயிற்றெரிச்சல் என்று அவள் நினைக்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும். அவளை உட்காரவைத்து விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

உங்களிடம் சொல்லலாம். டெக்சாஸ் பிளானோவில் தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் ஹாலில் பேப்பர் கப்போடு உட்கார்ந்து, யாருக்கு முட்டி மாற்றினார்கள், யாருக்கு சுகர் ஏறியிருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளும் கூட்டம் நாம். போன வாரம் நம்மில் ஒருவர், தான்தான் இந்த நாட்டில் கால் வைத்த முதல் தமிழர் மாதிரி, எண்பதுகளில் தோசைக்கு ஏங்கிய கதையைச் சொல்லிக் கண் கலங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு வெகுகாலம் முந்தி, அறுபதுகளின் நடுவிலேயே, ஏழு வயதுப் பிள்ளையாக நியூ ஜெர்சியில் மூக்கு ஒழுக நின்றவள் நான். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் தோசைக்கு ஏங்கவில்லை.

அப்பா டாக்டர். எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. மேல்பயிற்சிக்காக அப்பா நியூ ஜெர்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்தார், கூடவே அம்மாவும் நானும். ஒரு பழைய மரவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரம்மாவும் அவர் மகளும் இருந்தார்கள். வீட்டுக்காரம்மா இத்தாலியிலிருந்து வந்தவர், விதவை, எந்நேரமும் கறுப்பு உடை. எங்களைப் போலவே கத்தோலிக்கர், எங்களைப் போலவே எல்லாவற்றிலும் பூண்டு போடுவார். அதனால் அம்மாவுக்கு அவர் மேல் ஒரு நம்பிக்கை. மகளுக்குப் பதினெட்டு வயதிருக்கும். ஒரு துணிக்கடையில் கவுன்ட்டரில் நின்றாள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். அதுதான் தன் பெயர் என்பது போல அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் அம்மா நிறைமாசம். வாசற்படியில் பனி இறுகி, வீட்டுக்காரம்மா உப்பு அள்ளித் தூவிக்கொண்டிருந்த ஒரு காலையில் அப்பாவே அம்மாவைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சில நாள் கழித்துக் கூட்டிவந்தார். அம்மாவின் வயிறு இறங்கியிருந்தது, கையில் பிள்ளை இல்லை.

செத்துப் பிறந்ததாம். அம்மாவுக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. பிள்ளையைக் காட்டவில்லை. அந்தக் காலத்தில் அங்கே அதுதான் முறை. தாய் பார்த்தால் மறக்கமாட்டாள், பார்க்காவிட்டால் மறந்துவிடுவாள் என்று பெரிய டாக்டர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அப்பாவும் சரி என்று தலையாட்டிவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவிடம் பாப்பா பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். அம்மா வீடு திரும்பும் முன்பே தொட்டில் போய்விட்டது. அவள் தன் கையால் பின்னி வைத்திருந்த மஞ்சள் ஸ்வெட்டரும் போய்விட்டது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஸ்வெட்டர் அவரை என்ன செய்தது?

தொட்டிலை ஒளித்துவைக்கலாம், பாலை என்ன செய்வது? அம்மாவுக்கு மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. ரவிக்கை நனைவதும் காய்வதுமாக மொரமொரப்பாகி, வீடு முழுக்க ஒரு புளித்த வாடை. ஊரில் என்றால் மல்லிகைப் பூவை வைத்து இறுக்கிக் கட்டுவார்கள், பால் வற்றிவிடும். அம்மா அப்பாவிடம் பூ கேட்டாள். பனி கொட்டுகிற ஊரில் மல்லிகைக்கு அவர் எங்கே போவார்? ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். கடைசியில் கீழ் வீட்டுக்காரம்மாதான் ஒரு வார்த்தை பேசாமல் முட்டைக்கோஸ் இலைகளோடு மேலே வந்து, அம்மாவுக்கு வைத்துக் கட்டிவிட்டுப் போனார். துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க, எங்கள் வீட்டுப் படியேறியவர் அவர் ஒருவர்தான். ஊராக இருந்தால் பெரியம்மா, அத்தை, தெருப் பெண்கள் என்று வந்து கட்டிக்கொண்டு அழுது, அம்மாவையும் அழவைத்திருப்பார்கள். அவள் அழவே இல்லை. ஹாலில் சூடு வரும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு போர்வையை விரித்துப் படுத்தே கிடந்தாள்.

அப்படி அவள் கிடந்த ஒரு சாயங்காலம்தான் கீழ் வீட்டுக்கு அந்த இசைத்தட்டு வந்தது.

மூன்று இளம்பெண்கள் சேர்ந்து பாடுகிற ஒரு குழு. ரேடியோவில் ஒரு பாட்டு ஓடிப் பெயர் வாங்கி, அதற்கப்புறம் வெளிவந்த அவர்களுடைய முதல் ஆல்பம். அக்கா சம்பளம் வாங்கிய கையோடு வாங்கி வந்திருந்தாள். அட்டையில் மூவரும் ஒரே மாதிரி வெள்ளிநிற கவுனில், கொண்டையை ஆளுயரத்துக்கு ஏற்றிக் கட்டி, கண்ணுக்கு வால்விட்டு மை தீட்டி நிற்பார்கள். இரண்டு பேர் சிரிப்பார்கள். மூன்றாமவள் வேறெங்கோ பார்ப்பாள். உறையிலிருந்து தட்டை வெளியே எடுத்தால் புது பிளாஸ்டிக் மணக்கும். விளிம்பில் மட்டும் பிடித்து எடுக்க வேண்டும், கறுப்பில் விரல் பட்டால் அக்காவுக்குக் கோபம் வரும். சிவப்பு ரெக்சின் பெட்டிக்குள் அடங்கிய அவளுடைய பிளேயரில் ஊசியை இறக்கியதும் முதலில் கரகரவென்று எண்ணெய் காய்கிற சத்தம் வரும். இப்போது என் பேத்தி அதே மாதிரி தட்டுகளை வாங்கிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாள். கேட்பதில்லை.

சூட்டுக் குழாய் தரையைத் துளைத்து மேலே வரும் இடத்தில் ஒரு இடைவெளி இருந்தது. அதன் வழியாகப் பாட்டு அப்படியே எங்கள் வீட்டுக்குள் வரும். ஒருத்தி முன்பாட்டு பாடுவாள், மற்ற இரண்டு பேரும் பின்னாலிருந்து அவள் விட்ட இடத்தில் பிடித்து "பேபி, பேபி" என்பார்கள். எந்தப் பாட்டை எடுத்தாலும் இந்த ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வரும். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு பாதியில் நிற்கும். முன்பாட்டுக்காரி பாடுவதை விட்டுவிட்டு, உடைந்த குரலில் பேச ஆரம்பிப்பாள். அவளுக்குப் பின்னால் அந்த இரண்டு பேரும் மெல்ல முனகிக்கொண்டிருப்பார்கள்.

அம்மா தரையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏட்டி, என்னட்டி பாடுதாளுவ?"

நான் குழாயில் காதை வைத்துக் கேட்டேன். "பேபி போயிருச்சாம்மா. திரும்பி வரணுமாம். பேபி இல்லாம தூக்கம் வரலயாம்."

ஏழு வயதில் எனக்கு பேபி என்றால் பிள்ளைதான். பள்ளிக்கூடத்துச் சுவரில் பி என்ற எழுத்துக்குக் கீழே கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம்தான் ஒட்டியிருந்தது. அம்மாவுக்கும் அந்த வார்த்தை தெரியும். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் காதில் விழுந்த வார்த்தை அது.

"மூணு பேருக்குமா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அட்டைப் படத்தைப் பற்றிச் சொன்னேன். சின்ன வயசுதான் என்றும் சொன்னேன்.

"பாவம் பிள்ளைய. ஒப்பாரில்லா வைக்காளுவ," என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். வாய்விட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, ஊரில் அழுவது மாதிரி அழுதாள். எனக்குப் பயமாக இருந்தது. கீழே அந்த மூன்று பேரும் நிறுத்தாமல் கூடவே பாடினார்கள்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒருத்தி சொல்லி அழ, மற்றவர்கள் வாங்கி அழுவது. நடுவில் பாட்டு அறுந்து வெறும் பேச்சாகிப் போவது. தூத்துக்குடியில் எந்தச் சாவு வீட்டில் இது இல்லை? அம்மா கேட்டதில் என்ன தப்பு?

அதிலிருந்து சாயங்காலம் அக்கா கடையிலிருந்து வரும் நேரத்துக்கு அம்மா முகம் கழுவிக்கொண்டு குழாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். தட்டு ஓடும், அழுவாள். தட்டு முடிந்ததும் எழுந்து உலை வைப்பாள். சாப்பிட ஆரம்பித்தாள். எனக்குச் சடை பின்னிவிட்டாள். அப்பா இதைக் கவனித்தார். கவனித்து, தான் கொடுத்த மாத்திரை வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார். கூட வேலை பார்க்கும் டாக்டர்களிடம்கூடச் சொல்லியிருப்பார்.

அப்புறம் ஒரு நாள் அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். வீட்டுக்காரம்மா கடைக்குப் போயிருந்த நேரம். அக்கா பிளேயருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள், கண் மை கன்னத்தில் வழிந்திருந்தது. அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தன் நெஞ்சைத் தொட்டு, "மை பேபி. கான். போச்சு," என்றாள். அக்கா அவளைப் பார்த்தாள். தன்னுடையவனும் அப்படித்தான் போய்விட்டான் என்று இங்கிலீஷில் சொன்னாள். நான் அம்மாவுக்குச் சொன்னேன்: "அவ பேபியும் போயிருச்சாம். ஆம்பளப் பிள்ளையாம்."

அம்மா அக்காவின் கையைப் பார்த்தாள். மோதிரம் இல்லை. கல்யாணம் ஆகாமல் பெற்றிருக்கிறாள் என்று அந்த நிமிஷமே அவளுக்குப் புரிந்துபோனது. வேறு நேரமாக இருந்தால், என் அம்மாவை எனக்குத் தெரியாதா, எழுந்து சேலையை உதறிக்கொண்டு வந்திருப்பாள். அன்றைக்கு அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஸ்ப்ரே அடித்து விறைத்திருந்த அவள் தலைமுடிக்குள் விரலை விட்டுக் கோதினாள். எண்ணெயே காணாத தலை என்று என்னிடம் தமிழில் குறைபட்டுக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மா இல்லாத நேரமாகப் பார்த்து நாங்கள் கீழே போவது வழக்கமானது. அந்த வீட்டிலும் அவனைப் பற்றிப் பேசக் கூடாதாம். ஒரு படம்கூட வைத்துக்கொள்ள விடவில்லையாம். அம்மாவுக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. அக்கா ஏதேதோ சொல்வாள், நான் எனக்குத் தெரிந்த வரைக்கும் தமிழில் சொல்வேன். எப்படி அழகாகச் சிரிப்பான் தெரியுமா என்றாள் ஒரு நாள். சொன்னேன். "அப்ப அவ பாத்திருக்கா," என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அவளுக்குக் காட்டியிருக்காவ," என்றாள்.

இன்னொரு நாள், தன் பேபியைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டார்கள் என்று அக்கா சொன்னாள். அதையும் அப்படியே சொன்னேன். கடல் தாண்டி என்றால் எங்கே? வீட்டுக்காரம்மாவின் ஊர் இத்தாலிதானே. பிள்ளையைச் சொந்த ஊருக்கு அனுப்பி அங்கே அடக்கம் பண்ணியிருக்கிறார்கள் என்று அம்மா முடிவு செய்துகொண்டாள். அன்று அவள் மாடிப்படி ஏறிய வேகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, கோழிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு முடித்து, அப்பா பேப்பரை விரித்திருந்தார். அம்மா தட்டுகளைக்கூட எடுக்காமல் எதிரில் வந்து நின்றாள்.

"நம்ம பிள்ளையயும் ஊருக்கு அனுப்பணும்," என்றாள். "கீழ உள்ள பிள்ள அனுப்பியிருக்கா. இத்தாலில அடக்கம் பண்ணியாச்சு. நமக்கு மட்டும் ஏன் முடியாது?"

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன இதெல்லாம் என்று என்னைக் கேட்டார். பாட்டைப் பற்றியும், மூன்று பெண்களின் பேபிகளைப் பற்றியும், அக்காவின் பேபியைப் பற்றியும் நான் பெருமையாக எடுத்துச் சொன்னேன். இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை என்று மெச்சுவார் என்று நினைத்தேன்.

அவர் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பில்லை. ஆனாலும் சிரித்தார்.

"இங்க பாரு. அந்தப் பாட்டுல பேபின்னா பிள்ள இல்ல. காதலன். இந்த ஊர்ல காதலிக்கிறவன அப்படித்தான் கூப்பிடுவாங்க. கீழ உள்ள பொண்ணோட ஆளு மிலிட்டரில இருக்கான். சண்டைக்கு அனுப்பியிருக்காங்க. உயிரோடதான் இருக்கான்."

அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "அப்ப அவளுவ பிள்ளைக்கு அழலயா?"

"இல்ல."

"ஒருத்தியுமா?"

"ஒருத்தியும் இல்ல."

அதோடு முடிந்தது என்று நினைத்து அவர் பேப்பரைக் கையில் எடுத்தார். அம்மா நகரவில்லை.

"சரி. நம்ம பிள்ள எங்க?"

அதையெல்லாம் கிளறாதே, மறக்கப் பார் என்றார். அவள் திரும்பவும் கேட்டாள். எந்தக் கல்லறை, எந்தக் கோயில் என்று கேட்டாள். தெரியாது என்றார்.

"நீங்க அங்கதான வேல பாக்கீக?"

"நான் கேக்கல," என்றார் அப்பா.

"பிள்ளையப் பாத்தீகளா?"

அவர் எழுந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இருட்டியபிறகுதான் வந்தார். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது, இப்போதைய என் மகனைவிடச் சின்னவர். அவருக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும் என்று இந்த வயதில் எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் பாதிதான் மன்னிக்க முடிகிறது. மீதிப் பாதியை அவர் மேலே ஆண்டவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

அன்று சாயங்காலமும் கீழே தட்டு ஓடியது. அம்மா ஒரு பழைய துண்டை எடுத்துக் குழாயைச் சுற்றியிருந்த இடைவெளியில் திணித்து அடைத்தாள். அந்தப் பாட்டுக்காரிகள் தனக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்பது போல அடைத்தாள். மறுபடி அவள் கீழ் வீட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. உன் அம்மாவுக்கு என் மேல் கோபமா என்று அக்கா மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டாள். நான் என்ன சொல்வேன்? நீ அழுதது சரியான ஆளுக்கு இல்லை என்றா?

அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை அப்பா வேலைக்குப் போனதும், அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. சேலைக்கு மேல் அப்பாவின் பழைய ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டாள். வழியெல்லாம் பனி கரைந்து சகதி. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனோம். சேலைக் கரை நனைந்து கணுக்காலில் ஒட்டிக்கொண்டு வந்தது. என்ன கேட்க வேண்டும் என்று வழி நெடுக எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். அழக் கூடாது, மரியாதையாகக் கேட்க வேண்டும், அப்பா பெயரைச் சொல்ல வேண்டும்.

கவுன்ட்டரில் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருந்த ஒரு அம்மாள் இருந்தார். நான் எட்டிப் பிடித்துக்கொண்டு நின்று, அப்பா பெயரைச் சொல்லி, என் அம்மாவின் பேபி எங்கே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வந்தார். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் போகாமல் நேரே என்னிடம் வந்து குனிந்தார். அவர் மேல் பவுடர் வாசனை அடித்தது.

"இட் வாஸ் டேக்கன் கேர் ஆஃப், ஹனி," என்றார்.

எனக்கு இது நன்றாகத் தெரியும். எங்கள் வகுப்பில் கூண்டுக்குள் ஒரு வெள்ளெலி இருந்தது. அதை டேக் கேர் பண்ண வாரத்துக்கு ஒரு பிள்ளைக்கு முறை வரும். தண்ணீர் வைக்க வேண்டும், தீனி போட வேண்டும், குளிராமல் மரத்தூள் பரப்ப வேண்டும்.

"நல்லா பாத்துக்கிட்டாங்களாம்மா," என்றேன்.

அம்மா என் தோளைப் பிடித்தாள். "யாரு? யாரு பாத்துக்கிட்டாவன்னு கேளு."

கேட்டேன். அந்த அம்மாள் தயங்கினார். கீழே வேலை செய்கிற ஆட்கள் என்றார்.

"கீழ இருக்கிற ஆளுங்களாம்."

பின்னாளில் டல்லாஸில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் நான் நெடுங்காலம் வேலை பார்த்தது உங்களுக்குத் தெரியும். சேர்ந்த புதிதில் ஒரு நாள், அறுத்தெடுத்த எதையோ பற்றிக் கேட்டதற்கு ஒருவர் இதே வார்த்தையைச் சொன்னார், இதே போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கு அப்புறப்படுத்தியாகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் கீழ்த்தளத்தில் இருந்தது உலை. கழித்ததையெல்லாம் அங்கேதான் எரிப்பார்கள். நான் கையிலிருந்த ட்ரேயை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று ராத்திரி, ஊருக்கே திரும்பிப் போயிருந்த அம்மாவோடு போனில் பேசினேன், மழை பெய்ததா என்று கேட்டேன். அவள் சாகும்வரை நான் சொல்லவில்லை. சொல்லவில்லையே என்று ஒரு நாளும் வருந்தியதும் இல்லை.

அந்தக் காலையில் எங்கள் இரண்டு பேருக்கும் அதெல்லாம் தெரியாது. "பாத்துக்கிட்டாவ," என்று அம்மா தனக்குள் சொல்லிப் பார்த்தாள். தன்னால் முடியாததை, அப்பா செய்யாததை, முகம் தெரியாத யாரோ சில ஆட்கள் செய்திருக்கிறார்கள். அவள் முகம் அப்படி இளகி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஓவர்கோட்டின் நீண்ட கைகளுக்குள்ளிருந்து விரல்களை வெளியே எடுத்து, அந்த அம்மாளைக் கும்பிட்டாள்.

"அந்த ஆளுகளுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லச் சொல்லு," என்றாள் என்னிடம்.

சொன்னேன். சொல்லிவிடுகிறேன் என்று அந்த அம்மாள் தலையாட்டினார், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.